கைநாட்டுக்கு மட்டும் அப்பன்

கொக்கிலமேட்டுச் சடையனுக்குக் கோபம் வந்தால் இன்ன இடம், இன்ன ஆள் என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. பஸ் கண்டக்டரிடம் சண்டை போட்டிருக்கிறான். மீன் ஏலம் விடுகிறவனிடம் போட்டிருக்கிறான். மாசித் திருவிழாவில் மைக் செட்டுக்காரனிடம் போட்ட சண்டையில் ஒரு ஒலிபெருக்கி கிணற்றுக்குள் போனது. இதெல்லாம் சும்மா சண்டை. குப்பத்து ஜனங்களே நியாயம் என்று ஒத்துக்கொண்ட சண்டை ஒன்று உண்டு. அது எழுபத்தி நாலில் செங்கல்பட்டில், பிள்ளைகள் ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்று அவன் போட்டது.

அதற்கு முன்னால் அவன் வீடு எப்படி நடந்தது என்று சொல்லியாக வேண்டும். அதை யாரும் கேட்காமல் விட்டதால்தான் அவ்வளவு கேடும் வந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டின குப்பம் கொக்கிலமேடு. ஆம்பளைகள் இருட்டோடு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறுவதற்குள் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். மரம் கரையில் ஏறினதும் அவர்கள் ஓட்டம் முடிந்தது, பொம்பளைகள் ஓட்டம் ஆரம்பம். சடையன் பெண்சாதி ஆதியம்மாள் கூடையைத் தலையில் ஏற்றினால் மாமல்லபுரம் வரை நடை. அங்கே பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீன் கூடையை ஏற்றமாட்டேன் என்றால் அன்றைக்கு அந்தத் தூரமும் நடைதான். தெருத்தெருவாகக் கூவி விற்று, அரிசியும் மிளகாயும் வாங்கிக்கொண்டு அவள் வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்திருக்கும்.

அதுவரைக்கும் வீடு சடையன் கையில். வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்ப்பான். பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுவான், மூக்கைத் துடைப்பான், பேன் பார்ப்பான், தூங்கப் போடுவான். அவன் ஒருத்தன் மட்டும் இல்லை. அந்தக் கரையில் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் மத்தியானத்தில் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது ஆம்பளைதான். உள்நாட்டு ஜனங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

சடையனுக்கும் ஆதியம்மாளுக்கும் ஒரே பெண், வச்சலா. நடை பழகி, அப்பன் பின்னாலேயே தண்ணீர் ஓரம் வரைக்கும் ஓடுகிற வயதில் அவளுக்கு ஜுரம் வந்தது. கம்பவுண்டர் ஊசி போட்டார். ஜுரம் இறங்கிற்று. பிள்ளையைத் தூக்கி நிறுத்தினால் வலது கால் நிற்கவில்லை, துணி மாதிரித் தொங்கிற்று. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷம் வீணாய்ப் போன பிறகுதான் யாரோ சொல்லிச் செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கொளவாய் ஏரிப் பக்கம் பிள்ளைகளுக்கென்றே ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது அப்போது. இளம்பிள்ளை வாதம் என்று பார்த்ததும் சொன்னார்கள். கால் திரும்ப உயிர் பெறாது, ஆனால் நடக்க வைக்கலாம் என்றும் சொன்னார்கள்.

அந்த ஆஸ்பத்திரியைச் சும்மா குறை சொல்லக்கூடாது. பிள்ளைக்குப் பால் உண்டு. கை நீட்டிக் காசு கேட்கிற ஆள் கிடையாது. தினமும் மத்தியானத்தில் வராந்தாவில் தாய்மார்களை வட்டமாக உட்கார வைத்து வசுமதி என்று ஒரு டீச்சரம்மா பாடம் நடத்துவார். புத்தகப் பாடம் இல்லை. சூம்பின காலை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் நீட்டுவது, எவ்வளவு அழுத்தலாம், புண் வராமல் எப்படித் துடைப்பது, எல்லாம் பிள்ளையை மடியில் வைத்தே சொல்லித்தருவார். ஒவ்வொரு தாயும் தன் கையால் செய்து காட்டும் வரைக்கும் விடமாட்டார். அந்த மாதிரி ஆஸ்பத்திரி அந்தக் காலத்தில் எத்தனை இருந்திருக்கும்.

ஆனால் வாசலில் ஒரு பலகை. 'தாய்மார் மட்டும்.' அப்பன்காரன் எவனாக இருந்தாலும் சாயங்காலம் வந்து வராந்தாக் கம்பிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். எவனோ ஒருத்தன் எப்போதோ குடித்துவிட்டு வந்து தாய்மார்கள் படுத்திருந்த இடத்தில் விழுந்து கிடந்தானாம். அந்த ஒருத்தன் குடித்ததற்கு ஜில்லாவில் இருக்கிற அப்பன்களை எல்லாம் சேர்த்து வெளியே தள்ளிவிட்டார்கள்.

முதல் நாளே வாட்ச்மேன் மாரியிடம் சடையன் மோதினான்.

"அண்ணாத்த, போர்டு இன்னா சொல்லுது? தாய்மார் மட்டும். நீ இன்னா தாயா?"

"பெத்தவன்யா."

"பெத்தவ உள்ள கீறா. நீ போய் டீ குடி."

ஆதியம்மாள் உள்ளே கண்ணைக் காட்டினாள், சண்டை வேண்டாம் என்று. சடையன் டீ குடிக்கப் போனான். அவன் வாழ்நாளில் பின்வாங்கின இடம் அது ஒன்றுதான் என்று பிற்பாடு அவனே சொல்வான், அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு.

மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, கடைசியில் வச்சலாவுக்கு ஒரு இரும்புக் கால் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் தோல் பட்டை, கீழே கனத்த ஒரு பூட்ஸ். வார்டு சிஸ்டர் ரெபேக்காள் அதை ஆதியம்மாள் கையில் கொடுத்து மூச்சு விடாமல் சொன்னார். எப்படி மாட்டுவது, எங்கே இறுக்குவது, எக்சர்சைஸை விடக்கூடாது, ஆறு மாசத்தில் திரும்ப வர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, இது வெளியூரிலிருந்து செய்து வருகிற சாமான், கெட்டுப்போனால் வேறு கிடையாது, பத்திரம் என்றார்.

ஆதியம்மாள் கேட்டதை எல்லாம் மனசில் முடிந்துகொண்டுதான் வந்தாள். ஆனால் மறுநாளே கூடையைத் தூக்க வேண்டுமே. ஒரு மாசமாக அவள் போகாத தெருக்களில் வேறு கூடைக்காரிகள் புகுந்திருந்தார்கள். காலையில் மரம் வருவதற்கு முன்னால் பிள்ளையின் காலைக் கொஞ்சம் நீட்டி மடக்கிப் பார்ப்பாள். அதற்குள் கரையில் கூச்சல் கேட்கும், போட்டது போட்டபடி ஓடுவாள். ராத்திரி வந்தால் பிள்ளை தூங்கிப்போயிருக்கும். புருஷனுக்குச் சொன்னாள். எப்படிச் சொல்வது? அடுப்பை ஊதிக்கொண்டே, வாயால் சொன்னாள். கால் பிடிக்கிற வித்தையை வாயால் சொன்னால் வருமா? அவன் தொட்டால் பிள்ளை வீல் என்று கத்திற்று. எலும்பு கிலும்பு உடைந்துவிடப்போகிறது என்று விட்டுவிட்டான்.

இரும்புக் காலை என்ன செய்தான் என்பதுதான் பெரிய கூத்து. முதல் நாள் மாட்டிவிட்டான். வாசலைத் தாண்டினதும் மணல். பூட்ஸ் புதைந்தது, பிள்ளை முகம் குப்புற விழுந்தது. மூட்டுக்குள் மணல் ஏறிக் கரகர என்றது. கடற்கரையில் இரும்பு என்ன பாடுபடும் என்று சடையனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புக் காற்று ஒரு வாரம் அடித்தால் கத்தி செங்கல் நிறம் ஆகிவிடும். அதனால்தான் அந்தக் குப்பத்தில் தூண்டில் முள்ளையும் கத்தியையும் சுறா எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, அடுப்புக்கு மேலே கூரையில் சொருகி வைப்பார்கள். அனல் பட்டுக்கொண்டே இருந்தால் ஈரம் அண்டாது. வெளியூரிலிருந்து வந்த சாமான், வேறு கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சடையன் மணலைத் தட்டித் துடைத்து, கம்பிக்கும் தோலுக்கும் எண்ணெய் போட்டு, தன் நல்ல வேட்டியில் ஒரு முழம் கிழித்துச் சுற்றி, கூரையில் வைத்தான். பஸ் ஏறி ஊருக்குப் போகிற நாளில், தார் ரோட்டில் நடக்கிற நாளில் மட்டும் எடுத்து மாட்டினான். மற்ற நேரம் வச்சலா தவழ்ந்தாள், அப்பன் முதுகில் தொங்கினாள். வாரத்துக்கு ஒரு தடவை இறக்கி எண்ணெய் போட்டு வைத்தான். அவ்வளவு பொறுப்பு.

தப்புதான். தப்பு இல்லை என்று அவனும் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தப்பு அவன் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது என்று யாராவது கேட்க வேண்டாமா?

ஆறு மாசம் கழித்துப் போனார்கள். பிள்ளையை ஆதியம்மாள் உள்ளே தூக்கிப் போனாள், சடையன் வழக்கம்போலக் கம்பிக்கு வெளியே. பாடம் நடக்கிற நேரம் அது. டாக்டர் பார்த்தசாரதி அங்கேயே வந்து பார்த்தார். வச்சலாவின் முழங்கால் மடங்கின இடத்திலேயே இறுகி நின்றது. குதிகால் மேலே ஏறி, விரல் நுனி மட்டும் கீழே பார்த்தது. டாக்டர் இரும்பை வாங்கித் துணியைப் பிரித்தார். புதுசு மாதிரிப் பளபள என்று இருந்தது. மீன் எண்ணெய் வாடை வராந்தா முழுக்க அடித்தது. நாலைந்து தாய்மார்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பொல்லாதவர் இல்லை அவர், பிள்ளை காலைப் பார்த்து நிஜமாகவே நொந்துபோனார். நொந்துபோனவர் என்ன செய்தார், ஆதியம்மாளை எழுந்து நிற்கச் சொன்னார். மற்ற தாய்மார்களிடம், எல்லாரும் இந்த இரும்பைப் பாருங்கள், இந்தக் காலையும் பாருங்கள், இரும்பைக் காப்பாற்றிப் பிள்ளையைக் கெடுத்த தாய் இவள், நீங்கள் இப்படி இருக்காதீர்கள் என்றார். பாடம்.

ஆதியம்மாள் திருக்கழுக்குன்றத்துத் தெருவில் பேரம் பேசுகிறதைப் பார்த்தவர்கள், அவள் அப்படித் தலையைக் குனிந்து நிற்பாள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இரும்புக்கு எண்ணெய் போட்டது என் புருஷன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சடையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். அவன் பல்லைக் கடித்தது உள்ளே கேட்டிருக்கும்.

டாக்டர் சொன்னதன் சாரம் இது. இறுகின நரம்பைத் தளர்த்த ஆப்பரேஷன் பண்ண வேண்டும். படுக்கை ஒன்று காலியாக இருக்கிறது. இன்றைக்கே சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் மதுராந்தகத்துப் பிள்ளை ஒன்று காத்திருக்கிறது, அதற்குப் போய்விடும். இன்னும் கொஞ்ச நாள் போனால் எலும்பே கோணிக்கொள்ளும், பிறகு கத்தி வைத்தும் பிரயோஜனம் இல்லை. ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம் நாள் முழுக்க இரும்பு போட வேண்டும், பகலில் நாலு தடவை காலை நீட்டிப் பிடிக்க வேண்டும். தாய் வீட்டை விட்டு நகரக்கூடாது.

"நகரமாட்டேன்னு சொல்லு. சொன்னாத்தான் பெட்."

"சரிங்க" என்றாள் ஆதியம்மாள்.

"அப்பா எங்கே? ஆப்பரேஷனுக்கு அவன் கையெழுத்து வேணும். கைநாட்டுன்னாலும் சரி."

மாரி ஓடி வந்தான். அத்தனை மாசமாகத் திறக்காத கம்பிக் கதவு அப்படியே திறந்தது. வா அண்ணாத்த, டாக்டர் கூப்புடறாரு என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்தான். சடையன் பலகையை ஒரு தரம் பார்த்தான், மாரியை ஒரு தரம் பார்த்தான்.

"இப்ப நான் தாய் ஆயிட்டனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான்.

டாக்டர் அறையில் மேசை மேல் காகிதமும் மைத் தட்டும் தயாராக இருந்தன. பக்கத்தில் ரெபேக்காள். வாசலில் வசுமதி டீச்சர். ஆதியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். டாக்டர் காகிதத்தை நகர்த்தி, வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். சடையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அவ பொய் சொல்றா சார்" என்றான்.

டாக்டருக்குப் புரியவில்லை.

"வூட்ட வுட்டு நவரமாட்டேன்னு சொன்னாளே, அது பொய். மரம் கரைக்கு வந்தா அவ கூடை எடுப்பா. அவ போவலன்னா அடுப்பு எரியாது. நீ அதட்டற, அவ சரிங்கறா. போன தபாவும் இப்படித்தான் சரின்னுட்டு வந்தா."

அப்படியென்றால் பகலில் பிள்ளையை யார் பார்ப்பது என்று டாக்டர் கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் அந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக ஒருத்தர் கேட்டார், அதுவும் எரிச்சலில்.

"நான். நான் பாத்துக்கினு கீறேன். கஞ்சி ஊத்தறது நான், கால் கழுவி வுடறது நான், அந்த இரும்புக்கு எண்ணெ போட்டு மேல வெச்சதும் நான். அவள நிக்க வெச்சி மானத்த வாங்கனீங்களே, அது என்னைக் கேக்க வேண்டிய கேள்வி. என்னைக் கேக்க முடியாது, ஏன்னா நான் கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு இருந்தேன். வூட்ல இல்லாதவளுக்குப் பாடம், வூட்ல கீறவனுக்கு டீ. இன்னா சார் நியாயம் இது?"

ரெபேக்காள் சிஸ்டர் குறுக்கே வந்தார். இது தாய்மார் வார்டு, பால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆம்பளையை விட முடியாது, ஒரு தரம் விட்டுப் பட்டது போதும் என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. முதலில் கைநாட்டை வை, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார் டாக்டர்.

"கைநாட்டு வைக்க அப்பன் வேணும், கால் புடிக்க அப்பன் வேணாமா? எனக்குக் கத்துக்குடுங்க. அப்புறம் வெக்கறேன்."

டாக்டர் எழுந்துவிட்டார். அவருக்கும் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள் சிஸ்டர், மதுராந்தகத்துக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ரெபேக்காள் காகிதத்தை மடிக்கப் போனார்.

அப்போதுதான் ஆதியம்மாள் வாயைத் திறந்தாள். டாக்டரிடம் இல்லை, புருஷனிடம். அத்தனை நேரம் குனிந்த தலை நிமிர்ந்துவிட்டது. "யோவ், பிள்ள காலு மேல ஏறி நின்னுகினு ரோசம் பேசறியா? உன் சண்டைய கண்டக்டர்கிட்ட வெச்சிக்கோ. பெட்டு போச்சின்னா நான் இவளத் தூக்கிகினு எங்க போவேன்? வையி நாட்ட."

சடையன் கை பின்னால் அவிழ்ந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண்சாதி சொல்வதும் நியாயம், தான் சொல்வதும் நியாயம். நாட்டை வைத்தால் ஆப்பரேஷன் ஆகும், ஆறு மாசத்தில் கால் திரும்ப மடங்கும், திரும்ப இவளை நிற்க வைத்து மானத்தை வாங்குவார்கள். வைக்காவிட்டால் இன்றைக்கே எல்லாம் போச்சு. மேசைக்குக் கிட்டே போனான். கட்டை விரல் மைத் தட்டில் படுகிற சமயம் வாசலில் இருந்த வசுமதி டீச்சர் உள்ளே வந்தார்.

டீச்சர் சடையனைப் பார்க்கவில்லை. நேராக ஆதியம்மாளிடம் போனார். "நீங்க எப்ப வீட்டை விட்டுக் கிளம்பறீங்க, எப்ப திரும்பறீங்க? பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டார்.

ஆதியம்மாள் சொன்னாள். மரம் வந்ததும் கிளம்புவது, விளக்கு வைத்துத் திரும்புவது, பஸ் ஏற்றாத நாளில் இன்னும் நேரமாவது, வரும்போது பிள்ளை தூங்கிப்போயிருப்பது. ஒரு மாசம் தன்னிடம் உட்கார்ந்து பாடம் படித்த பொம்பளையிடம் இதைக் கேட்காமல் விட்டோமே என்று டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று. டாக்டர் பக்கம் திரும்பினார். இரைந்து பேசவில்லை. நீங்கள் காலை நேராக்கிக் கொடுத்துவிடுவீர்கள் சார், அந்தக் காலை நான் யார் கையில் கொடுத்து அனுப்புவது, ஊரில் இல்லாத கையிலா என்று கேட்டார்.

டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். ரெபேக்காள் சிஸ்டர்தான் பேசினார், இன்னும் விடாப்பிடியாக. தாய்மார்கள் ஒப்பினால்தான், இல்லாவிட்டால் முடியாது என்று வராந்தாவுக்குப் போய்க் கேட்டார். கருங்குழியிலிருந்து வந்திருந்த வசந்தா என்கிற பொம்பளை சொன்னாள்:

"அந்த அண்ணன் வந்து குந்தட்டும் சிஸ்டர். எங்க வூட்டு ஆளு இது மாதிரி வந்து கேட்டிருந்தா, நான் ஏன் நடவு நாள்ல இங்க குந்திகினு கீறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததே சம்மதமாயிற்று. ரெபேக்காள் ஒரு கண்டிஷன் போட்டார். சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், இந்தப் பக்கம் திரும்பக்கூடாது. சடையன் ஒத்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியது பிள்ளை கால், ஊரான் பெண்சாதி இல்லை என்று பதிலும் சொன்னான்.

அங்கேயே, அந்த அறையிலேயே, டீச்சர் வச்சலாவை மேசை ஓரத்தில் கிடத்தி நல்ல காலை எடுத்து அவன் கையில் வைத்தார். முதலில் இதில் பழகு என்றார். வலைக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அவனுடையது. பிடித்ததும் இழுத்தான். பிள்ளை வீறிட்டது.

"கடல்லேர்ந்து வலை இழுக்கறீங்களா? இது பிள்ளை கால். இழுக்கக் கூடாது. பிடிச்சிட்டுக் காத்திருக்கணும். அதுவா எறங்கி வரும்."

வேறு எவனாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு மேசை கவிழ்ந்திருக்கும். சடையன் மூக்கு விடைத்தது, காது சிவந்தது, ஆனால் கையைத் தளர்த்தினான். காத்திருந்தான். திரும்பப் பிடித்தான். வச்சலா அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், இந்தத் தரம் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் ஜன்னலை விட்டு வந்து, கட்டை விரல் எங்கே இருக்க வேண்டும் என்று அவன் கையைத் திருத்தி வைத்தார். அதற்குப் பிறகுதான் சடையன் கைநாட்டு வைத்தான்.

ஆதியம்மாளிடம் டாக்டர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. பெரிய மனுஷர்கள் அதெல்லாம் கேட்கிறதில்லை. பிள்ளையின் பெயர் என்ன என்று அன்றைக்குத்தான் விசாரித்தார், அவ்வளவுதான்.

ஆப்பரேஷன் நடந்தது. பிள்ளை மாவுக்கட்டோடு படுக்கையில் கிடக்க, ஆதியம்மாள் ராத்திரிக்கு வார்டில் தங்குவாள். விடிந்ததும் செங்கல்பட்டு மார்க்கெட்டிலேயே ஏரி மீன் வாங்கி விற்கப் போய்விடுவாள். கடல்காரிக்கு ஏரி மீன் விற்பது ஒரு அவமானம், அதையும் செய்தாள். பகலில் சடையன். வலையைச் சித்தப்பன் மகனிடம் விட்டுவிட்டு வந்துவிட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகைத் தாய்மார்களுக்குக் காட்டி, பாடம் கேட்டான். முதுகிடமே பொம்பளைகள் வம்பு பேசினார்கள். கடல்கார அண்ணே, உன் முதுகுக்கு எல்லாம் புரிஞ்சிதா என்பாள் வசந்தா. உன் வாய்க்குப் புரிஞ்சத விட ஜாஸ்தி என்பான் இவன். இரும்பைப் பற்றி டீச்சரிடம் தகராறும் செய்தான். மணலில் புதைகிற பூட்ஸைக் கொடுத்துவிட்டு நட என்றால் எப்படி, வந்து எங்கள் மணலில் நடந்து காட்டுங்கள் என்றான். டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே கொக்கிலமேட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க மணலில் நடந்து பார்த்துவிட்டு, பூட்ஸுக்கு அடியில் அகலமாக ஒரு பலகை வைத்துத் தைக்கச் சொல்லி அனுப்பினார். துரு பிடித்தால் பிடிக்கட்டும், போட்டுத் தேயட்டும், தேய்ந்தால் வேறு தரச் சொல்லி நான் சண்டை போடுகிறேன் என்றார். சண்டை என்கிற வார்த்தையைக் கேட்டதும் சடையனுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

'தாய்மார் மட்டும்' பலகை வாசலில் அப்படியே இருந்தது. அவனுக்கு விட்டது அவனுக்கு மட்டும்தானாம். ஒவ்வொரு தடவை போகும்போதும் மாரி மறிப்பான், இவன் கத்துவான், உள்ளேயிருந்து யாராவது வந்து விடச் சொல்வார்கள். ஒரு நாள் வேறு ஒரு அப்பன்காரன், கொத்து வேலை செய்கிறவன், பெண்சாதி பிரசவத்தில் படுத்திருக்கிறாள் என்று சொல்லிப் பிள்ளையோடு வாசலில் நின்றான். மாரி அவனையும் டீ குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். சடையன் அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக உள்ளே நடந்தான். ரெபேக்காள் சிஸ்டர் பார்த்தார். சுவர்ப் பக்கம் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வந்த அப்பன்களை எல்லாம் விட்டார்களா, எனக்குத் தெரியாது. விட்டிருந்தால் பலகையைக் கழற்றியிருப்பார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்து வீடு திரும்பின பிறகு குப்பத்தில் மத்தியான நேரம் இதே கதையாகிவிட்டது. வலைக் குவியல் மேல் வச்சலாவைக் கிடத்திச் சடையன் கால் பிடிக்கிறதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். மச்சான் நர்சம்மா ஆயிட்டான், எனக்கும் முட்டி வலிக்குது, கொஞ்சம் புடிச்சி வுடு என்பான் ஜம்புலிங்கம், பக்கத்து மரத்துக்காரன். ஒரு நாள் அவன் வாயை அடைக்க அவன் காலையே பிடித்து மடக்கினான் சடையன், ஜம்புலிங்கம் ஊரைக் கூட்டிவிட்டான். எத்தனை கேலி பண்ணினாலும் பகலில் நாலு தடவை தப்பவில்லை. இரும்பு துருப்பிடித்துத்தான் போனது, பட்டை இரண்டு தடவை அறுந்தது. பிள்ளை ஒவ்வொரு நாளும் அழுதாள், அப்பனைத் திட்டினாள், சில நாள் கடித்தாள்.

முழங்கால் முதலில் இறங்கிற்று. குதிகால்தான் வீம்பு பிடித்தது. விரல் நுனியில் நின்றுகொண்டு தரைக்கும் தனக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியை விடாமல் வைத்திருந்தது. ஆடி போய் ஆவணியும் வந்தது.

ஒரு நாள் பகலில் சடையன் வலையை உதறிக்கொண்டிருந்தான். வச்சலா கரையில் ஏற்றி வைத்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், கடலைப் பார்த்துக்கொண்டு. அவன் தலை நிமிராமலே, தினமும் கத்துகிற கத்தலைக் கத்தினான்.

"குதிகால கீழ வையி. எத்தினி தபா சொல்றது?"

வலையை அப்படியே போட்டுவிட்டு, அறைந்துவிடுகிற வேகத்தில் எழுந்து போனான். கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். மணலில் ஒரு கையை ஊன்றி, முகத்தைத் தரையோடு வைத்து, பூட்ஸுக்கு அடியில் இருந்த பலகைக்கும் மணலுக்கும் நடுவே சந்து தேடினான்.

வச்சலா மரத்திலிருந்து கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வெச்சிகினுதான் கீறேன். கண்ணு தெரியல உனக்கு?"